மலையும் மனையும்: டாக்டர் சாமர்வெல் வாழ்வு எழுப்பும் ஓர் இறையியல் கேள்வி

சென்ற கல்வியாண்டில் ஆயர்பணி வகுப்பில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். அவர் மணமானவர், ஒரு பெண்குழந்தைக்குத் தந்தை, இறையியல் கல்லூரிக்கு வருமுன் மலையேற்றத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்தவர். "ஐயா, குருப்பட்டம் பெற்றபின் நான் மலையேறப் போகலாமா? போனால் அது விசுவாசமா, கடவுளைப் பரீட்சை பார்ப்பதா?" என்று அவர் கேட்டபோது வகுப்பில் சிலர் நகைத்தனர். நானும் புன்னகை செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணி அடித்துவிட்டமையால் விடை கூறாமலே வகுப்பு முடிந்தது. எனினும் அக்கேள்வி நகைப்புக்குரியதன்று என்பது பின்னர் எனக்கு விளங்கலாயிற்று. அன்று சொல்லாது விட்ட விடையை ஈண்டு எழுத முற்படுகிறேன்.

நாம் ஏன் நகைத்தோம்? நம் திருச்சபைகளில் மலை என்பது பாட்டிலும் ஜெபத்திலும் மட்டுமே வாழ்கிறது. பயணம் புறப்படுவோருக்கு 121ஆம் சங்கீதத்தை வாசித்து வழியனுப்புகிறோம். ஆனால் அச்சங்கீதம் உண்மையான மலைப்பாதையில் உண்மையாகவே கால் இடறக்கூடிய யாத்திரிகரின் பாடல் என்பதை நினைப்பதில்லை. 104ஆம் சங்கீதம் உயர்ந்த மலைகளை வரையாடுகளின் புகலிடமாகக் காட்டுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே ஆண்ட வரையாடு என்னும் சொல், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைச் சரிவுகளில் இன்றும் மேய்ந்து திரிகின்ற, தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய அதே வரையாட்டின் பெயர். அவ்வசனத்தை நூறு முறை வாசித்த நம்முள் அவ்விலங்கை ஒருமுறையேனும் கண்டவர் எத்தனை பேர்? மனிதனுக்கு ஒரு பயனும் இல்லாத இடங்களையும் உயிர்களையும் கடவுள் தம் மகிழ்ச்சிக்காகப் படைத்தார் என்பதே அச்சங்கீதத்தின் போதனை. அம்மகிழ்ச்சியில் பங்கேற்பது உலக ஆசை என்று எந்தத் திருமறைப் பகுதியும் கூறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சார்லஸ் கிங்ஸ்லி போன்ற ஆங்கிலக் குருமார் உடல் வலிமையையும் வெளிக்கள வாழ்வையும் கிறித்தவப் பண்பாகவே போற்றினர். அப்போதனை பேரரசின் செருக்கோடு கைகோத்து நடந்தமையால் அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அதை விடுத்து, நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்வோம்.

டாக்டர் தியோடர் ஹவார்ட் சாமர்வெல் என்னும் பெயரைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் நன்கறிவர். 1838இல் இலண்டன் மிஷனரி சங்கத்தார் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூரில் அவர் பல்லாண்டுகள் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் கற்பித்து, 1961இல் தாயகம் திரும்பினார். இரைப்பை, சிறுகுடல் புண்களுக்கான அறுவை மருத்துவத்தில் அவர் பெற்ற தேர்ச்சி புகழ்பெற்றது. நம் மக்கள் அவரை மருத்துவராகவே நினைவுகூர்கின்றனர். அவர் 1922, 1924 ஆகிய இரு ஆண்டுகளிலும் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற குழுக்களில் ஒருவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1890இல் இங்கிலாந்தின் கெண்டல் என்னும் ஊரில் பிறந்த அவர் இளமை முதலே குன்றுகளில் திரிந்தவர், ஓவியர், இசையறிந்தவர். முதல் உலகப் போரில் படை மருத்துவராகச் சென்று, 1916இல் சோம் போர்க்களத்தின் அருகே குவிந்து கிடந்த காயமுற்றோரிடையே அறுவை செய்தார். போரின் மீது அவருக்கு ஆழ்ந்த வெறுப்பு உண்டாக அவ்வனுபவமே காரணமாயிற்று. மலைகளில் அவர் தேடியதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் கூறிவிட முடியாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிடுகிறேன்.

1922ஆம் ஆண்டு மே மாதத்தில் சாமர்வெல், மாலரி, நார்ட்டன் ஆகியோர் பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரம் ஏறினர். அதுவரை எந்த மனிதனும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். புதுப்பனி மிகுதியாகப் பெய்திருந்த நிலையில் மீண்டும் ஒரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ஜூன் 7ஆம் நாள், 'நார்த் கால்' என்னும் பனிக்கணவாய்க்குச் செல்லும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது பனி பெயர்ந்து சரிந்தது. சுமைதூக்கி வந்த மலைநாட்டுத் தொழிலாளர் ஒன்பது பேர் பனிப்பாறை விளிம்புக்குக் கீழே அடித்துச் செல்லப்பட்டனர், எழுவர் மாண்டனர். வெள்ளையர் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

சாமர்வெல் பின்னாளில் எழுதிய 'எவரெஸ்ட்டுக்குப் பின்' என்னும் நூலில் இந்நாளைப் பற்றி வேதனையோடு கூறுகிறார். இறந்தோர் அனைவரும் அம்மலைநாட்டுத் தொழிலாளராகவே இருந்தனரே, நம்மில் ஒருவரேனும் அவர்களது முடிவில் பங்கு கொண்டிருக்கலாகாதா என்பது அவரை வருத்திய எண்ணம். தம் தோழர்களையும் அவர் இழந்துவிட்டதாக உணர்ந்தார். இது வெறும் உணர்ச்சி வேகமன்று. இறையியல் சார்ந்த அறிக்கை என்றே நான் கருதுகிறேன்.

2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தை நினைவுகூர்க. அதுல்லாம் குகையிலிருந்த தாவீது பெத்லகேமின் கிணற்று நீருக்கு ஆசைப்படுகிறான். மூன்று வீரர் பெலிஸ்தரின் பாளயத்தை ஊடறுத்துச் சென்று அந்நீரை மொண்டு வருகின்றனர். தாவீது குடிக்க மறுக்கிறான். உயிரைப் பணயம் வைத்துச் சென்ற மனிதரின் இரத்தமாக அந்நீரை அவன் காண்கிறான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவன் வீரரைக் கடிந்துகொள்ளவில்லை, நீரை அலட்சியமாக வீசி எறியவும் இல்லை, கடவுளுக்கென்று ஊற்றிவிடுகிறான். அவ்வீரச் செயலின் மதிப்பு அவ்வாறு காக்கப்படுகிறது. ஆனால் பிறர் உயிரின் விலையில் தன் தாகம் தணிக்க அரசனுக்கு உரிமையில்லை. சாகசத்தைப் பற்றிய கிறித்தவ அறநெறிக்கு இதைவிடச் சிறந்த பகுதியை நான் அறியேன். மலையேறுவது நன்றா தீதா என்று வினவுவதற்கு முன், நம் ஆசைக்காக ஆபத்தைச் சுமப்பவர் யார் என்று வினவ வேண்டும். மாண்ட எழுவரும் கூலிக்கு வந்தவர்கள். சிகரம் அவர்களுடைய ஆசையன்று. அவர்களுக்கும் அவர்களை எதிர்பார்த்திருந்த வீட்டார் இருந்தனர்.

அப்பயணம் முடிந்தபின் சாமர்வெல் உடனே தாயகம் திரும்பவில்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டு நெய்யூர் வந்து சேர்ந்தார். அங்கே மருத்துவமனையின் முன் காத்துக்கிடந்த நோயாளர் கூட்டத்தையும், அதற்குச் சற்றும் போதாத மருத்துவர் எண்ணிக்கையையும் கண்டார். இலண்டனில் அவருக்கு ஒளிமிக்க எதிர்காலம் காத்திருந்தது. அதை விடுத்து நெய்யூரைத் தெரிந்துகொண்டார். மலையை வெறுத்து ஊழியத்துக்கு வந்தார் என்று நம் பிரசங்கிகள் இக்கதையை முடித்துவிடுவர், அது பிழை. 1924இல் அவர் மீண்டும் எவரெஸ்ட்டுக்குச் சென்றார், நெய்யூர் மருத்துவராகவே சென்றார். அழைப்புப் பெற்ற மனிதனுக்கு மலை விலக்கப்பட்ட கனி ஆகிவிடவில்லை.

அவ்வாண்டு மே மாதம் அதே நார்த் கால் கணவாயில் சுமையாளர் நால்வர் கடும்பனியில் சிக்கிக்கொண்டனர். இறங்கும் வழியில் புதுப்பனி. 1922இன் நினைவு எல்லார் உள்ளத்திலும் இருந்தது. நார்ட்டன், மாலரி, சாமர்வெல் ஆகிய மூவரும் சிகர முயற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களை மீட்க ஏறினர். இறுதிச் சரிவை முதலில் கடந்தவர் சாமர்வெல்; மற்ற இருவரும் அவரைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்திருந்தனர். அந்நால்வரை எட்டுவதற்குச் சில கெசத் தொலைவு இருக்கையிலேயே கயிறு தீர்ந்துவிட்டது. அச்சத்தால் தாமாக நகர்ந்த இருவர் பனியோடு சறுக்கி, பெரும்பள்ளத்துக்கு மேலே சிறிது தூரத்தில் தங்கி நின்றனர். சாமர்வெல் தம் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைப் பனியில் ஆழ ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றி, அதன் முனையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி அவர்களைக் கழுத்துப் புறத்தில் பிடித்து ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டார். நால்வரும் பிழைத்தனர். மீட்கச் சென்ற மூவரின் உடல்வலிமையோ அம்முயற்சியில் பெரிதும் கரைந்துபோயிற்று.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருவோம். மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஆலயத்தின் உச்சியிலே நம் ஆண்டவர் நிறுத்தப்படுகிறார். குதிக்கும்படி சோதனைக்காரன் கூறுகிறான். தூதர் தாங்குவர் என்பதற்குச் சங்கீதத்தையே சான்று காட்டுகிறான். ஆண்டவர் மறுக்கிறார். அங்கே கீழே அவருக்காகக் காத்திருந்தோர் எவரும் இல்லை. அச்செயலால் நன்மை பெறுவோர் எவரும் இல்லை. கடவுளின் வல்லமையைக் காட்சிப் பொருளாக்குவதே அதன் நோக்கம். கயிற்றை அவிழ்த்து நின்ற சாமர்வெல்லின் ஆபத்தும் அதற்குக் குறைந்ததன்று. ஆனால் அவருடைய நீட்டிய கைக்கு அப்பால் இரு மனிதர் இருந்தனர். பரீட்சை பார்ப்பதையும் நம்பிக்கையையும் ஆபத்தின் அளவைக் கொண்டு வேறுபடுத்த இயலாது.

இவ்வேறுபாடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இராது என்பதும் உண்மை. ஜூன் 4ஆம் நாள் சாமர்வெல்லும் நார்ட்டனும் பிராணவாயுவின்றிச் சிகரம் நோக்கி ஏறினர். ஏறத்தாழ 28,000 அடியில் சாமர்வெல்லின் தொண்டை அவரை நிறுத்திவிட்டது. நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். இறங்கும் வழியில், பனிக்காற்றால் புண்பட்ட தொண்டையின் உட்சவ்வு பெயர்ந்து சாமர்வெல்லின் மூச்சை அடைத்தது. முன்னே சென்ற நார்ட்டன், இவர் படம் வரைவதற்காகப் பின்தங்கியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டார். சாமர்வெல் சாவதற்கென்றே பனியில் அமர்ந்தார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது. நான்கு நாட்களுக்குப்பின் மாலரியும் இளைஞர் இர்வினும் மேலே சென்று திரும்பாது போயினர். மாலரி ஓர் ஆங்கிலிக்கன் குருவின் மகன். சாமர்வெல்லின் உற்ற தோழர். கூடாரத்தில் இருவரும் ஷேக்ஸ்பியரை ஒருவருக்கொருவர் வாசித்து மகிழ்ந்தவர்கள். அவருக்கு மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தனர். மாலரியின் உடல் 75 ஆண்டுகள் கழித்து 1999இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

மாலரியை நியாயந்தீர்க்க நான் துணியேன். ஆனால் அம்மூன்று பிள்ளைகளை நினையாமல் இப்பொருளைப் பற்றி எழுதவும் இயலவில்லை. உபாகமம் 24ஆம் அதிகாரம், புதிதாக மணந்தவனை ஓராண்டு போருக்கு அனுப்பலாகாது, அவன் தன் மனைவியை மகிழ்விக்க வீட்டில் இருக்கவேண்டும் என்று விதிக்கிறது. தேசத்தின் பாதுகாப்புக்கான போரையே கடவுள் ஒரு வீட்டின் மகிழ்ச்சிக்காக நிறுத்தி வைக்கிறார் என்றால், நம் சிகரங்கள் எம்மாத்திரம்! (நம் சேகரக் குழுக்களும் இப்பகுதியை வாசிப்பது நன்று. மணமான மறுவாரமே இளம் போதகரைப் பதினைந்து கிராமச் சபைகளுக்கு அனுப்பிவிடுகின்றனர்.) சாமர்வெல் 1925இல் மார்கரெட் அம்மையாரை மணந்தார், புதல்வர் மூவர் பிறந்தனர். அதன்பின் அவர் எவரெஸ்ட்டுக்குச் செல்லவில்லை. ஆனால் மலைகளை விட்டுவிடவும் இல்லை. முதுமையில் 1962 முதல் மூன்றாண்டுகள் பிரிட்டனின் ஆல்பைன் கழகத்துக்குத் தலைவராயிருந்தார். 1975இல் தம் இளமைக்கால மலைநாட்டிலேயே காலமானார்.

உபாகமத்தில் இன்னும் ஒரு சிறு கட்டளை உண்டு. 22ஆம் அதிகாரத்தில், புதுவீடு கட்டுவோன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும், எவரேனும் விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது. இக்கட்டளையை நான் நூலிலிருந்து கற்றேன் என்று கூறமாட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் சேகரப் போதகராயிருந்தபோது, வாலிபர் ஐக்கியத்தார் முப்பது பேரை ஓர் ஆற்றங்கரைக்கு ஒருநாள் தியானக் கூடுகைக்காக அழைத்துச் சென்றேன். ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட்டோம். பகலுணவுக்குப் பின் இளைஞர் நீரில் இறங்கினர். மணல் அள்ளிய குழி ஒன்று நீருக்கடியில் இருந்தது எவருக்கும் தெரியவில்லை. ஒரு பையன் அதில் அமிழ்ந்தான். கரையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர் தம் வேட்டியை அவிழ்த்து வீசி அவனை இழுத்துப் போட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனையில் இதனை அற்புதமென்று சாட்சி கூறினேன். ஆராதனை முடிந்தபின் அப்பையனின் தாயார் என்னிடம் வந்தார். "ஐயரே, போகும்போது ஒரு கயிறு எடுத்துக்கொண்டு போகவில்லையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதனாலேயே எனக்கு விடை கூற முடியவில்லை.

அதுமுதல் வெளிக்களப் பயணம் எதனையும் தடுக்காமல், கைப்பிடிச்சுவர் இல்லாத பயணத்தை மட்டும் தடுக்கக் கற்றுக்கொண்டேன். ஆழம் அறிந்த உள்ளூரார் ஒருவர், நீச்சல் அறிந்த இருவர், கயிறு, முதலுதவிப் பெட்டி, திரும்பும் நேரத்தை அறிந்த ஒருவர் ஊரில் இருத்தல் ஆகிய இவை விசுவாசக் குறைவின் அடையாளங்கள் அல்ல. இவற்றை ஆயத்தம் செய்வதும் ஜெபத்தின் ஒரு பகுதியே.

இதுவரை ஆபத்தைப் பற்றியே பேசினோம். குருமனையில் நான் காணும் பெருங்குறை ஆபத்து மிகுதியன்று. குருவானவரின் பிள்ளைகள் தங்கள் தந்தையோடு வெளியே செல்வதே இல்லை என்பதுதான். பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. அந்த மாதத்தில்தான் விடுமுறை வேதாகமப் பள்ளி, கன்வென்ஷன் கூட்டங்கள், திருமணங்கள், போதாக்குறைக்கு இடமாற்ற உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் என்று போதிப்பவருக்கு அதுவே மிகுந்த உழைப்பின் நாள். மலைவாச இளைப்பாறுதல் வெள்ளையர் வழக்கம் என்னும் எண்ணமும் நம்மிடம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது உல்லாசத்துக்காக அன்று. சமவெளியின் வெப்பத்திலும் கொள்ளைநோயிலும் தங்கள் குடும்பத்தாரைப் பறிகொடுத்தவர்கள் பிழைப்பதற்காக மலை ஏறினர். ஆனால் அவ்வீடுகள் மிஷனரிமாருக்கென்று கட்டப்பட்டவை. இளைப்பாறுதல் தேவைப்பட்ட உடல் நம் உபதேசிமாருக்கும் இருந்தது. மாற்கு 6ஆம் அதிகாரத்தில், உண்பதற்கும் நேரமின்றி உழைத்த சீடரைத் தனித்த இடத்துக்குச் சென்று சற்றே இளைப்பாறும்படி ஆண்டவர் அழைத்தபோது எந்த நாட்டாரையும் அவர் விலக்கவில்லை.

எனக்கு நாற்பது வயது கடந்தபின்தான், என் மனைவியின் வற்புறுத்தலால், நாங்கள் நால்வரும் முதன்முறையாக மூன்று நாட்கள் மலையில் தங்கினோம். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஓர் ஏற்றப் பாதையில் நான் முன்னே நடந்து செல்ல, பின்னால் மூச்சிரைக்க வந்தவள், "அப்பா, நீங்கள் இவ்வளவு வேகமாக நடப்பீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அவள் அறிந்த தந்தை அங்கி அணிந்து பீடத்தில் நிற்பவர், அல்லது இரவில் களைத்துத் திரும்பி உண்ணாமல் உறங்குபவர். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தோம்.

அம்மாணவரைப் பின்னர் என் அறைக்கு அழைத்து என் விடையைக் கூறினேன். போகலாம், ஆனால் தனியாக முடிவு செய்தல் கூடாது, மனைவியோடு பேசி முடிவு செய்யவேண்டும். மனைவி அஞ்சினால் அவ்வச்சத்தை விசுவாசக் குறைவென்று கூறி அடக்கக் கூடாது. குழந்தை வளர்ந்தபின் அதற்கும் ஏற்ற பாதைகளைத் தேடவேண்டும். சிறிய குன்றாயினும் போதும். வழிகாட்டியாக வரும் மலைவாழ் மக்களின் கூலியைப் பேரம் பேசிக் குறைக்கக் கூடாது. அவர்கள் ஆபத்தென்று திரும்பச் சொல்லும் இடத்தில் திரும்பிவிட வேண்டும். அவர் இவற்றைக் குறித்துக்கொண்டார். கடைசியாகச் சொன்னதை மட்டும் மீண்டும் ஒருமுறை சொல்லும்படி கேட்டார்.

சென்ற தை மாதத்தில் அவரும் உடன் பயிலும் ஆறு பேரும், இருவர் தம் மனைவியரோடும், வனத்துறையின் அனுமதி பெற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முகட்டுக்குச் சென்றனர். திரும்பும் நேரத்தை விடுதிக் காப்பாளரிடம் எழுதிக் கொடுத்திருந்தனர். நானும் பாதி உயரம் வரை சென்றேன். அதற்குமேல் என் முழங்கால் இடங்கொடுக்கவில்லை. அங்கே ஒரு பாறையில் அமர்ந்து அவர்களுடைய பைகளுக்குக் காவலிருந்தேன். வரையாடு எதுவும் கண்ணில் படவில்லை. அவர்கள் குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே இறங்கி வந்தனர். வழிகாட்டி மேகம் கூடுவதைக் காட்டியமையால் உச்சியைத் தொடாமலே திரும்பியதாகக் கூறினர்.